கழுத்து அலையடிக்குதுங்ணா

காலை எட்டரைக்குத் தையல் லைன் ஓட ஆரம்பிக்கும். எட்டு நாற்பதுக்கு என் போன் அடிக்க ஆரம்பிக்கும். "அண்ணா, நூல் ஷேடு கொஞ்சம் மாறுதுங்." "அண்ணா, சைஸ் லேபிள் இன்னும் வரலைங்." "அண்ணா, கழுத்து அலையடிக்குதுங்." ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு மெஷின்கள் நிற்கிற வரைக்கும் இதே பாட்டுதான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் பேக்கிங்கிலிருந்து ஒரு போன் வரும். "பெட்டிக்கு எத்தனை பீஸுங்ணா?" பேக்கிங் லிஸ்ட் கேட்கிறவர் கையில்தான் இருக்கும்.

திருப்பூரில், பெருமாநல்லூர் பக்கம் ஓர் ஏற்றுமதி யூனிட்டில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். நான்கு லைன், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து நூற்றறுபது பேர். பத்தாவது முடித்த கையோடு கைமடிக்கப் போனவன் நான். ஓரம் மடித்துத் தைக்கிற பேட்லாக் மெஷினுக்கு எதிரில் நின்று துணியை மடித்துக் கொடுத்துக் கொடுத்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். அதனால் எந்த மெஷினில் என்ன கோளாறு என்றாலும் நானே போய் உட்கார்ந்து சரி செய்துவிடுவேன். 'அவர் இல்லைன்னா இந்த யூனிட் ஓடாது' என்று பின்னால் யாராவது பேசினால் காதில் தேன் பாயும். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று சட்டைப்பை நோட்டில் கோடு போட ஆரம்பித்தேன். யாராவது என்னிடம் கேள்வி கேட்டால் ஒரு கோடு. அதற்கான பதில் கேட்டவருக்கே தெரிந்திருக்கும் என்று பட்டால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. இரவு எண்ணினால் நாற்பத்தேழு கோடு. அதில் முப்பத்தெட்டுக்குப் புள்ளி. ஒன்பது விஷயத்துக்குத்தான் நான் உண்மையிலேயே தேவைப்பட்டிருக்கிறேன். மீதி முப்பத்தெட்டுக்கும் என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: என்னைக் கேட்டுச் செய்தால் தப்பு நடந்தாலும் திட்டு விழாது.

அதற்குச் சில மாதம் முன்னால்தான் கம்பெனி எங்கள் நாலைந்து பேரைக் கோயம்புத்தூரில் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பியிருந்தது. 'கோச்சிங் முறையில் டீமை நடத்துவது' என்று தலைப்பு. ஏசி ஹால், நல்ல சாப்பாடு, மதியத்துக்கு மேல் நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். 'குரோ' என்று நான்கு படி சொன்னார்கள். என்ன வேண்டும், இப்போது நிலவரம் என்ன, என்னென்ன வழி இருக்கிறது, இதில் எதை எப்போது செய்யப் போகிறாய். இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர் என்ற இங்கிலாந்துக்காரர். அதற்கு முன் கார் பந்தயம் ஓட்டியவர், 1965இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன். அவருக்கும் இந்த யோசனை டென்னிஸ் மைதானத்திலிருந்து வந்ததாம். டிமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் 1970களிலேயே, சொல்லிச் சொல்லித் திருத்துவதை விட்டுவிட்டு, ஆடுகிறவரையே கவனிக்க வைக்கிற முறையைச் செய்து காட்டியிருக்கிறார்.

தூக்கத்தையும் மீறி மனதில் நின்றது அந்த டென்னிஸ் பந்துதான். 'பந்தைப் பார், பந்தைப் பார்' என்று கத்தினால் யாரும் பார்ப்பதில்லை. 'பந்து எந்தப் பக்கம் சுழன்று வருகிறது?' என்று கேட்டால், பதில் சொல்வதற்காகவாவது பார்த்தே ஆகவேண்டும். நான் பதினைந்து வருடமாக லைனில் கத்திக்கொண்டிருப்பது என்ன? 'ஒழுங்கா பாத்துத் தைங்க.' அதைக் கேட்டு ஒருவராவது கூடுதலாக ஒரு நொடி பார்த்திருப்பார்களா என்று தெரியாது. வகுப்பில் கொடுத்த ஃபைல் எங்கே போனதோ, இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பீஸைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேட்க வேண்டும்.

ஆரம்பம் படு சொதப்பல். புதன்கிழமை காலை இரண்டாம் லைன் சூப்பர்வைசர் ஒரு பண்டலைக் கொண்டுவந்து வைத்தார். கை ஓரம் மடித்ததில் தையல் ஏறி இறங்கியிருந்தது. நான் வகுப்பு நினைப்பில், "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டேன். குரலை உயர்த்தக்கூட இல்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் காலையிலயே சொன்னேங்ணா, அந்தப் பொண்ணு கேக்கலைங்" என்று ஆரம்பித்து, நூல், மெஷின், கட்டிங், நேற்றைய ஓவர்டைம் என்று வரிசையாகப் பழி போட ஆரம்பித்தார்.

அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் 'ஏன்' என்பது கேள்வியே இல்லை, குற்றப்பத்திரிகை. 'ஏன் லேட்டு', 'ஏன் மார்க்கு குறைஞ்சுது', 'ஏன் சொல்லல' என்று சின்ன வயதிலிருந்து அடி வாங்கிப் பழகிய சொல். (கொங்கு நாட்டில் 'ஏனுங்க' என்று ஒருவரை அன்பாகக் கூப்பிடுகிறோம். அது வேறு. அந்த 'ங்க'வை எடுத்துவிட்டால் சண்டை.) அன்றிலிருந்து 'ஏன்' என்ற சொல்லை லைனில் நிறுத்திக்கொண்டேன். 'என்ன நடந்துச்சுங்க?', 'எந்தப் பண்டல்ல இருந்து ஆரம்பிச்சுது?', 'நல்லா வந்த பீஸ் ஒண்ணு காட்டுங்க, இதையும் அதையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்.' கேட்பது அதே விஷயந்தான். ஆனால் இப்படிக் கேட்டால் ஆட்கள் காரணம் சொல்வதில்லை, நடந்ததைச் சொல்கிறார்கள்.

இரண்டாவது பாடம் வாயை மூடுவது. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்று எண்ணுவதற்குள் எனக்கு நாக்கு துடிக்கும். பதில் எனக்குத் தெரியும், நேரம் போகிறது, எதிரில் நாற்பது மெஷின் சத்தம். ஆனால் ஏழு, எட்டு வரும்போது ஏதோ ஒன்று வெளியே வரும். பெரும்பாலும் முதலில் வருவது 'தெரியலைங்ணா'. அதை விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைக் கற்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. 'தெரியலைங்' என்பது ஒரு குடை. மழை பெய்யுமா என்று பார்த்துக்கொண்டு அதன் கீழ் நிற்கிறார்கள். மழை இல்லை என்று தெரிந்தால் தானாக மடக்கிவிடுவார்கள்.

இதில் என்னைத் தலைகீழாகப் புரட்டியது மூன்றாம் லைனில் நடந்த ஒரு விஷயம். அந்த லைன் சூப்பர்வைசர் இளம் பெண். செக்கிங்கில் இருந்தவரை நான்தான் லைனுக்குக் கொண்டுவந்திருந்தேன். வட்டக் கழுத்து டி-ஷர்ட், கழுத்துக்கு ரிப் என்கிற இழுபடும் பட்டியை வைத்து ஓவர்லாக் மெஷினில் தைப்பது. ஒரு நாள் பதினோரு மணி வாக்கில் வந்து, "அண்ணா, கழுத்து அலையடிக்குதுங்" என்றார். பட்டி சமமாகப் படியாமல் நெளிகிறது என்று அர்த்தம். பழைய ஆளாக இருந்தால் நேராக ஓவர்லாக்கில் போய் உட்கார்ந்து, துணி நகர்கிற வேகத்தை மாற்றும் டிஃபரன்ஷியல் ஃபீடைக் கொஞ்சம் திருகி, பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து, நாலு பீஸ் தைத்துக் காட்டிவிட்டு எழுந்திருப்பேன். கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, "அலை கழுத்துல எந்த இடத்துல ஆரம்பிக்குதும்மா?" என்றேன்.

பீஸை மேஜையில் விரித்தார். ஒன்று, இரண்டு, பத்துப் பீஸ் விரித்தார். "எல்லாத்துலயும் இடது தோள்பட்டைகிட்டதாங்ணா. முடிக்கற இடத்துல. முன்பக்கம் நல்லாத்தான் இருக்கு."

"எல்லா டெய்லர் பீஸும் அப்படியா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கழுத்து வைப்பது இரண்டு பேர். மூத்த அக்காவின் பண்டலில் அலை இல்லை. புதிதாக வந்த பெண்ணின் பண்டலில் மட்டும்.

மெஷின் கோளாறு இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. நான் திருகியிருந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கெடுத்திருப்பேன். "அந்த ரெண்டு பேரும் ரிப்பைப் பிடிக்கற விதத்துல என்ன வித்தியாசம்னு அஞ்சு நிமிஷம் பின்னால நின்னு பாத்துட்டு வாங்க" என்றேன். பார்த்துவிட்டு வந்தவர் கொஞ்சம் தயங்கினார். ரிப் எப்போதும் கழுத்துச் சுற்றளவைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். அதை இழுத்துப் பிடித்துச் சுற்றிலும் சமமாக வைக்க வேண்டும். மூத்த அக்காவுக்குக் கை அளவே போதும். புதிய பெண் தொடக்கத்தில் அதிகம் இழுத்துவிட்டு, முடிவில் மிச்சப்பட்ட ரிப்பைத் தளர்வாகத் தள்ளிவிடுகிறார். ரிப்பையும் கழுத்தையும் நான்காகப் பிரித்து நாலு இடத்தில் குறி போட்டுக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

"குறி போடறதுக்கு ஒரு பொண்ணு இருந்தாங்களே?"

இப்போது எண்ணியது அவர். பத்து இருக்கும். அப்புறம் சொன்னார், "அவங்களை நீங்கதாங்ணா போன வாரம் பிசிறு வெட்ட அனுப்புனீங்க."

ஆமாம், நான்தான். பிசிறு வெட்டுவதில் ஆள் குறைகிறது என்று போகிற போக்கில் கையைக் காட்டிவிட்டுப் போனேன். அந்தப் பெண் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கவே இல்லை. பழைய முறையில் நான் மெஷினைத் திருகிவிட்டுப் போயிருந்தால், இந்த ஒரு வாக்கியத்தை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று மதியமே அவரைத் திரும்ப அனுப்பினேன். "தப்பு என் மேலதான்" என்று அந்தச் சூப்பர்வைசரிடம் சொன்னபோது, பக்கத்து மெஷின் அக்கா தைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

எல்லோரிடமும் இது செல்லுபடியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் லைன் சூப்பர்வைசர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் கைமடித்த முதல் மெஷின் அவருடையதுதான். வெளியே பார்த்தால் 'தம்பி', லைனுக்குள் 'சார்'. அவரிடம் போய், "இந்த ஸ்டைலுக்கு எந்த ஆபரேஷன்ல ஆள் கூட்டலாம்னு நினைக்கறீங்கண்ணா?" என்று கேட்டு, பத்து எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங் சார், எனக்குப் பரீட்சை வெக்கறீங்களா?"

"இல்லீங்ணா, சும்மா கேட்டேன்."

"விடையைக் கையில வெச்சுக்கிட்டுக் கேள்வி கேக்கறது வாத்தியார் வேலைங். நீங்க சொல்லுங், நான் செஞ்சர்றேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் விடையை வைத்துக்கொண்டுதான் கேட்டேன். கேள்வி வேஷத்தில் வந்த உத்தரவு அது. அதைவிட நேரடி உத்தரவே மரியாதை. அன்று முதல் எனக்கு ஒரு கணக்கு: பதில் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால், அதுவும் எதிரில் இருப்பவர் அனுபவசாலியாக இருந்தால், கேட்க மாட்டேன், சொல்லிவிடுவேன். எனக்கே தெரியாததைத்தான் அவரிடம் கேட்பேன். அவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது நிறைய இருந்தது. ஓடுகிற மெஷினின் சத்தத்தை வைத்தே ஊசி மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். அது எப்படி என்று உண்மையான ஆசையோடு கேட்டேன். மனுஷன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார்.

அதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றால் மட்டும் அவரால் முடியவில்லை. தானே மெஷினில் உட்கார்ந்து சர்ரென்று தைத்துக் காட்டி, "அவ்வளவுதான், இப்படித் தைக்கோணும்" என்று எழுந்துவிடுவார். இங்கே எனக்கு உதவியது ஒரு பழைய விஷயம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவப்பட்ட ஆண்கள் படைக்குப் போய்விட, மெஷினையே பார்த்திராத பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களை வேகமாகப் பழக்குவதற்காக, 1940இல் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்று மேற்பார்வையாளர்களுக்கு நான்கு படி சொல்லிக்கொடுத்தது. ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவரைச் செய்ய விடு, பிறகு போய்ப் பார்த்துக்கொண்டிரு. போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவிலும் வேர் பிடித்தது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு: வேலையைப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியிலும் 'கவனிக்க வேண்டிய இடம் எது' என்பதையும் 'எதனால்' என்பதையும் சேர்த்துச் சொல்வது. நானும் அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் உட்கார்ந்து, டி-ஷர்ட்டின் கீழ் ஓரத்தை மடித்துத் தைக்கிற பாட்டம் மடிப்பை ஏழு படியாகப் பிரித்தோம். மூன்றாம் படியில், துணியை விடும்போது இடது கை விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. இருபது வருடமாக இரண்டு பேரும் வேறு வேறு மாதிரி பிடித்திருக்கிறோம்!

வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்லாதது இது. தையலே தெரியாதவரிடம் போய் 'நீங்க என்ன நினைக்கறீங்க?' என்று கேட்பது கோச்சிங் இல்லை, அவரைக் கைவிடுவது. தெரியாதவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கை பழகிய பிறகுதான் கேள்வி. நான் ஆர்வக்கோளாறில் புதிதாக வந்த மூன்று பேரைக் கேள்வியாகக் கேட்டு அழவைத்திருக்கிறேன். அதில் ஒருவர் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர்தான், திங்கட்கிழமை வரவில்லை.

நான்காம் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். என் இந்தி 'ஜல்தி கரோ'வோடு முடிந்துவிடும். கேள்வி கேட்டு வளர்ப்பதற்கு மொழி வேண்டாமா? வேண்டாம் என்பது ஒரு பையனிடம் தெரிந்தது. சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பின்னல் துணிப் பீஸ்களைச் செக்கிங் அக்கா வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தபோது, தோள்பட்டைத் தையல் ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை. ஊசி, துணியின் கண்ணிகளுக்கு நடுவே நுழையாமல் நூலையே அறுத்திருக்கிறது. துவைத்தால் பெரிதாகிவிடும். நான் அந்தப் பீஸை அவன் மெஷினுக்குக் கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்துக் காட்டி, கையை விரித்து 'என்ன?' என்பது போல் நின்றேன். அவன் உடனே ஊசியைத் தொட்டுக் காட்டி, நகத்தில் ஊசி முனையைத் தேய்த்தான். நகத்தில் கோடு விழுந்தது. முனை மழுங்கியிருக்கிறது. எப்போதிலிருந்து என்று காலண்டரைக் காட்டிக் கேட்டால், இரண்டு விரல். இரண்டு நாளாகத் தெரிந்திருக்கிறது!

பிறகு இந்தி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. பழைய ஊசியைக் கொடுத்தால்தான் ஸ்டோரில் புது ஊசி தருவார்கள். அது சரியான நடைமுறைதான். ஆனால் ஸ்டோரில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் 'அதுக்குள்ள இன்னொண்ணா?' என்று கத்துவாராம். அதற்குப் பயந்து மழுங்கின ஊசியிலேயே தைத்திருக்கிறான். பதினொன்றாம் நம்பர் ஊசிக்குப் பதில் அதைவிட மெல்லிய, முனை உருண்ட ஒன்பதாம் நம்பர் பால் பாயின்ட் ஊசி மாற்றினோம், ஓட்டை நின்றது. அதைவிட முக்கியமாக, காலை டீக்குப் பிறகு சூப்பர்வைசரே ஊசி டப்பாவோடு லைனைச் சுற்றி வருகிற ஏற்பாடு செய்தோம். அந்த யோசனையும் என்னுடையது இல்லை, அந்த லைன் சூப்பர்வைசருடையது. ஆளை வளர்க்கிறேன் என்று போனால், பாதி நேரம் ஆளிடம் குறையே இருக்காது. நடுவில் கல்லாக ஏதாவது கிடக்கும்.

நேரம் எங்கே கிடைக்கிறது என்று கேட்பீர்கள். நான் தினமும் பதினொன்றேகாலுக்கு ஒரு சூப்பர்வைசரோடு பத்து நிமிடம் நடக்கிறேன். ஒரு நாளைக்கு ஒருவர், ஒரு மெஷின், ஒரு விஷயம். ஆபீஸ் அறைக்குக் கூப்பிடுவதில்லை. எங்கள் ஊரில் ஆபீஸுக்குக் கூப்பிட்டால் கணக்கு முடிக்கிறார்கள் என்று அர்த்தம். நாலே கேள்விதான். இந்த வாரம் என்ன சரி பண்ணலாம்னு இருந்தோம்? இப்ப எப்படி இருக்கு? அடுத்து எதை மாத்திப் பாக்கலாம்? அது வேலை செஞ்சுதான்னு எப்பத் தெரியும்? கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் வெறும் பேச்சாகப் போய்விடும். அதற்கு மட்டும் பதிலை நோட்டில் எழுதிக்கொள்வேன். 'வியாழன் மதியம்' என்றால், வியாழன் மதியம் போய் நிற்பேன்.

டெய்லர்கள் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன். எங்களிடம் சிலர் ஷிப்ட் சம்பளம், சிலர் பீஸ் ரேட். பீஸ் ரேட் அக்கா ஒருவரை மெஷினிலிருந்து எழுப்பி, கால் மணி நேரம் அக்கறையாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முடிவில், "சரிங் சார், அந்தப் பத்துப் பீஸு போச்சுங்" என்றார். என் அக்கறைக்கு அவர் காசு கொடுத்திருக்கிறார்! டீ நேரத்தில் பேசலாம் என்றால், நாள் முழுக்க அவர்களுக்கென்று இருப்பதே அந்தக் கால் மணி நேரம்தான். அப்புறம் முதலாளியிடம் பேசி, பழக்குவதற்கு எழுப்புகிற நேரத்துக்கு அவரவர் சராசரிப்படி காசு போடுவது என்று வாங்கினேன். இதைச் செய்யாமல் பீஸ் ரேட் இடத்தில் கோச்சிங் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது என் கட்சி.

கேள்வியே கேட்கக் கூடாத இடமும் உண்டு. ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்து, எல்லாத் துண்டையும் தேடு, கிடைத்ததை ஊசி ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டு, ஒரு துண்டு குறைந்தாலும் அங்கிருக்கிற பீஸ்களை ஒதுக்கி மெட்டல் டிடெக்டருக்கு அனுப்பு. குழந்தைகள் உடுப்பில் ஓர் ஊசி முனை போய்விட்டால் என்ன ஆகும்? 'நீங்க என்ன நினைக்கறீங்க'வுக்கு அங்கே இடம் கிடையாது. கட்டிங் கத்தி, கரண்ட், தீ எல்லாம் இதே கணக்குதான்.

ஷிப்மென்ட் இரவும் அப்படித்தான். ஒரு தடவை மூவாயிரம் பீஸ், பையர் தரப்பில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்பதற்கான அளவுகோல் ஏ.க்யூ.எல். அது 2.5 என்றால் அந்த அளவு லாட்டில் நூற்றிருபத்தைந்து பீஸ் எடுப்பார்கள். ஏழு குறை வரை பாஸ், எட்டானால் ஃபெயில். எங்களுக்குச் சரியாக எட்டு. அன்று நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நீ இங்கே, நீ அங்கே என்று விரட்டினேன், கத்தவும் செய்தேன். விடிய விடிய மூவாயிரத்தையும் திரும்பச் செக் பண்ணி ரீ-இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆனோம். கத்தியதற்காகப் பிறகு வருத்தப்பட்டேன், உத்தரவு போட்டதற்காக இல்லை. வித்தியாசம் என்னவென்றால், முன்பெல்லாம் அதோடு விட்டுவிடுவோம். இந்த முறை சம்பள நாள் கழிந்து, திங்கட்கிழமை அந்த எட்டுப் பீஸையும் மேஜையில் வைத்து எல்லாச் சூப்பர்வைசர்களும் உட்கார்ந்தோம். எட்டில் ஐந்து, கடைசி இரண்டு மணி நேரத்தில் தைத்த பண்டல்களிலிருந்து வந்தவை. இரவு ஏழு மணிக்கு மேல் கண் சோர்ந்துவிடுகிறது என்று செக்கிங் அக்கா சொன்னார். செக்கிங் மேஜைக்கு மேலே லைட்டை மாற்றினோம். மாலையில் செக்கிங் ஆட்களை மணிக்கு ஒரு முறை இடம் மாற்றி உட்கார வைக்கிறோம்.

அந்த மூன்றாம் லைன் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான். ஒன்றரை வருடத்தில் அவர் லைன்தான் எங்களிடம் சிறந்த லைன். அடுத்த தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு, அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். சம்பளமும் அதிகம், வீட்டு வாசலுக்கே வேன் வரும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக் குடுத்து வளத்துன, அவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. நமக்கு என்ன லாபம்?" என்றார். எனக்கு அன்று பதில் இல்லை. இரண்டு நாள் நானும் கடுப்பில்தான் இருந்தேன். அதன் பிறகு யோசித்தால், அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால்: "எனக்கு ஏதாவது கூட்டிப் போடுவாங்களாண்ணா?" நான் 'பாக்கலாம்மா' என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். ஆளை வளர்த்தால் சம்பளமும் கூடவே வளர வேண்டும். இல்லை என்றால் நாம் நடத்துவது நாற்றங்கால், நடவு அடுத்தவர் வயலில். இப்போது ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் யாருக்கு என்ன கூட்ட வேண்டும் என்று நானே எழுதிக்கொண்டு போய் முதலாளி முன் உட்காருகிறேன். பாதிக்காவது ஒப்புக்கொள்கிறார்.

போன் இப்போதும் வருகிறது. போன மாதம் இன்னொரு செவ்வாய்க்கிழமை கோடு போட்டுப் பார்த்தேன். பதினாறு. புள்ளி வைத்தது ஐந்து. மச்சினன் கல்யாணத்துக்குத் தாராபுரம் போய் மூன்று நாள் இருந்தபோது, இரண்டு நாள் போனே வரவில்லை. நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மையில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, டவர் இருக்கிறதா என்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

திரும்பி வந்த அன்று சாயங்காலம் முதல் லைன் அண்ணன் வந்தார். கையில் டீ, எனக்கும் ஒன்று. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை தூத்துக்குடி கன்டெய்னருங் தம்பி. பிரின்டிங்ல இருந்து அறுநூறு பீஸ் இன்னும் வரலை. வியாழக்கிழமை வரைக்கும் வரலைன்னா என்ன பண்றதா இருக்கறீங்?"

லைனுக்குள் முதல் தடவையாகத் 'தம்பி' என்கிறார் என்பதைக் கவனித்தேன். கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் டீயைக் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். உதடு லேசாக அசைந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறார்.